தன்வினை, பிறவினை

கிணற்று மோட்டர் எரிந்த அன்று
திருத்த வந்த ஞானேந்திரன்
மூடியைக் கழற்றி மணந்து பார்த்தான்.
"கொயில் எரிஞ்சு போச்சு, அக்கா."
"ஓம், எரிஞ்சு போச்சு" என்றேன்.
மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் மரெய்கா
ஈரத் தலையோடு இறங்கி வந்து
"எரிஞ்சு போகேல்லை.
நான் எரிச்சனான்" என்றாள்.

ஒன்பது மாதத்துத் தமிழ்.
காலையில் சுவிச்சைப் போட்டுவிட்டு
புத்தூர்க் கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனவள்
பொழுதுபடத்தான் திரும்பினாளாம்.
ஞானேந்திரன் குறட்டைக் கீழே வைத்தான்.
கேட்காமலே ஒப்புக்கொள்ளும் ஆளை
அவன் அதுவரை கண்டதில்லை.
"பழைய மோட்டர்தானே மிஸ்" என்று
அவளைக் காப்பாற்றப் பார்த்தான்.
நானும் என் பங்குக்குச்
சனியனை இழுத்தேன், ஏழரையை இழுத்தேன்.
அவள் விடவில்லை.
முப்பத்தெட்டாயிரம் எண்ணி வைத்தாள்,
பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கினாள்.
அன்றிரவு சீட்டியடித்தபடி பல் விளக்கினாள்.

மாசியில் கோட்டைக்குக் கூட்டிப் போனபோது
பகிடிக்குத்தான் சொன்னேன்:
"உங்கட ஆக்கள் எங்கட ஆக்களை வைச்சுக் கட்டினது."
கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.
"நான் அப்ப இல்லையே."
கோபமில்லை, வெட்கமுமில்லை,
மணி கேட்டால் மணி சொல்வதுபோல.

எனக்கு அண்ணனின் நினைப்பு வந்தது.
டொரொண்டோவில் சீட்டுப் பிடித்து
"சீட்டு உடைஞ்சு போச்சு" என்று
ஒரேயொரு தடவை எடுத்துச் சொல்லிவிட்டு
போன் நம்பரை மாற்றிக்கொண்ட அண்ணன்.
காசு கட்டினவனின் தாய்
நீர்வேலியிலிருந்து பஸ் ஏறி வந்து
எங்கள் முற்றத்து வெயிலில் நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை. நிழலுக்கும் வரவில்லை.
ஆறு காப்பில் நாலு போனது.

"நீ என்ன செய்தனி?" என்றாள் மரெய்கா.
"ஒண்டும் செய்யேல்லை."
"பிறகு ஏன் குடுத்தனி?"
"ஒரே வயிறு" என்றேன்.
"பசியா?" என்றாள்.

எதிர்வீட்டு இராசலிங்கத்தார்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த இரவு
ஒழுங்கை முழுக்க அவர் முற்றத்தில்.
ஒருவர் விசிற, ஒருவர் கால் தேய்க்க,
ஒருவர் "அண்டைக்கே சொன்னனான்" என்று அழ.
"ஆர் ஆம்புலன்சுக்கு அடிச்சது?" என்றாள் மரெய்கா.
எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம்.
அவள்தான் அடித்தாள்.
பின்னால் எட்டுப் பேர் ஆட்டோக்களில் போனோம்,
விறாந்தையில் விடிய விடிய இருந்தோம்.
அவள் படுக்கப் போனாள்.
மனிசன் பிழைத்து வந்து மாதம் மூன்று,
இன்னும் ஒருக்கால் போய்ப் பார்க்கவில்லை.
"எனக்கு அவரைத் தெரியாதே" என்கிறாள்.

உருண்டது தன்வினை,
உருட்டினேன் பிறவினை.
பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது.
முழுப்புள்ளி.

இதுவரை சொன்னதில் ஒன்றைச் சொல்லவில்லை.
தை மாதமே ஞானேந்திரன் சொன்னவன்:
"ஓவர்லோட் செத்துப் போச்சு அக்கா, மாத்துங்கோ.
சூடேறினால் தானா நிக்காது."
மாற்றவில்லை.
மேல்வீட்டுக்குச் சொல்லவுமில்லை.
மரெய்கா காசை எண்ணிய நேரம்
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கிணற்றைப் பார்த்தேன்.
அண்ணனின் கடனுக்குக் காப்புக் கழற்றிய கை
இதற்கு மட்டும்
சேலைத் தலைப்புக்குள் கிடந்தது.

இன்று சம்பளம்.
பத்தொன்பதாயிரத்தை என்வலப்பில் வைத்து
படி ஏறினேன்.
சொல்லேல்லை. நான் சொல்லேல்லை.
நான் தெரிஞ்சும் சொல்லேல்லை.
ஏழாம் படிவரை சரியாகத்தான் வந்தது.

கதவைத் திறந்தாள்.
"மரெய்கா, அண்டைக்கு ஒரு விசயம்
சொல்ல விடுபட்டுப் போச்சு..."

என்வலப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
தலையை ஒரு பக்கம் சரித்து,
புதுச் சொல் படிக்கிறவள்போல்
"போச்சு?" என்றாள்.